நீ கட்டிவிட்டுப் போன பச்சைத் துணி

உன் முடிச்சை அவிழ்க்க இன்று காலை எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, பாய். திராட்சைப் பந்தல் வாசல் கல்தூணில் ஒரு முழத் துணியைக் கட்ட எதற்கய்யா இத்தனை முடிச்சு? ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து எல்லாம் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. தோட்டக்காரி ராசாத்தி பழம் அறுக்கும் கத்திரியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கத்தரிச்சு எறிங்கண்ணே. வெயில் ஏறுது. அறுக்க வந்த பொம்பளையாளுக எம்புட்டு நேரம் நிக்கும்?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கட்டை விரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அவிழ்ந்த துணியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். உன் அத்தர் வாசனை வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. கொடிக்கு அடித்த மருந்து வாசனையும் ஊறிக் காய்ந்த மழை வாசனையும்தான். உள்ளதைச் சொல்கிறேன்.

நம் ஊர் திராட்சை வியாபாரிகளுக்குள் இருக்கும் ஏற்பாடு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை வேறு யாராவது படித்தால் முழிப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். காய் பட்டாணி அளவில் இருக்கும்போதே தோட்டத்தை விலை பேசி முடித்து, பந்தல் வாசல் தூணில் அவரவர் துணியைக் கட்டிவிட வேண்டியது. உனக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. துணி தொங்கும் தோட்டத்துக்குள் வேறு வியாபாரி கால் வைக்க மாட்டான். கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். பத்திரம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. அந்தத் துணியை நம்பித்தான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து அனுமந்தன்பட்டி வரை வியாபாரம் நடக்கிறது.

இந்த ஏற்பாட்டை எனக்குத் தெரிந்து ஒரே ஒருவன்தான் மீறியிருக்கிறான். அது நீ. அவிழ்த்தது என் துணியை. அவிழ்த்த இடம் இதே தூண். மூன்று வருசம் ஆகிறது, இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்த வருசம் எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கம்பத்தில் என் கடை வாசலில் காரை நிறுத்துவேன். இறங்க மாட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். உள்ளே பெட்டி கட்டுகிற ஆட்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்ப்பேன். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். பன்னீர் திராட்சை வாசனை பட்டாலே குமட்டியது. பதினெட்டு வயதில் அடுத்தவன் லாரியில் பெட்டி ஏற்றிப் பிழைப்பைத் தொடங்கியவன் நான். இந்த வாசனையில்தான் வீடு கட்டினேன், மகளைப் படிக்க வைத்தேன். அதுவே குமட்டினால் மனுசன் எங்கே போவான்?

போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும். கோட்டயத்து வியாபாரி பழம் நசுங்கிவிட்டது என்று போட்டோ அனுப்புவான். குமுளி மலைப்பாதையில் வண்டி நிற்கிறது என்று டிரைவர் கூப்பிடுவான். தோட்டக்காரன் எப்போது அறுப்பு என்பான். ஒருநாள் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டேன். உலைக்கு அரிசி எடுக்கப் போன என் வீட்டுக்காரி, அரிசிக்குள் மணியடிக்கிறது என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நீ அதை வைத்தே மூன்று வருசம் ஓட்டினாய்.

ஆளாளுக்கு வைத்தியம். தேனியில் ஒரு டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, ரெஸ்ட் எடுங்க" என்றார். மச்சினன் சுருளி அருவிக்கு இழுத்துப்போய்த் தலையை நீட்டச் சொன்னான். சளி பிடித்தது. சென்னையிலிருந்து மகள், "அப்பா, இதுக்குப் பேரு பர்ன் அவுட். உங்கள நீங்களே குத்தம் சொல்லாதீங்க" என்று சொல்லி, மூச்சை எண்ணும் வீடியோ ஒன்றை அனுப்பினாள். பிள்ளை அக்கறையில்தான் அனுப்பியது. நான் நாலு வரை எண்ணுவேன், அஞ்சாவதில் அனுமந்தன்பட்டித் தோட்டத்துக்கு அறுப்பு ஆள் சொல்லவில்லையே என்று ஞாபகம் வரும். ஒன்றரை மாதம் ரெஸ்ட் எடுத்தேன் பாய். அதைப்போலக் களைப்பான வேலையை நான் வாழ்நாளில் செய்ததில்லை.

நீயும் பார்க்க வந்தாய். வந்தவன் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? உன் டிரைவரைப் பற்றி ஒரு மணி நேரம் புலம்பினாய். எனக்காக வைத்திருந்த இட்லியில் நாலைத் தின்றாய். போகும்போது வாசலில் நின்று, "மாப்ள, துணி கட்டுன தோட்டம் எது எது?" என்றாய். அனுமந்தன்பட்டியில் ரெண்டு, காமயகவுண்டன்பட்டியில் ராசாத்தி தோட்டம் ஒன்று என்றேன். ஏன் கேட்கிறாய் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. அனுபவப்பட்ட வியாபாரி செய்கிற காரியமா இது? போட்டிக்காரனிடம் பட்டியல் வாசித்திருக்கிறேன்.

நாலாம் நாள் காலையில் ராசாத்தி என் வீட்டுக்காரி போனுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, பாய் வந்தாக, அண்ணன் துணிய அவுத்தாக, அவுக துணியக் கட்டிட்டு ஆள உள்ள எறக்கிட்டாக. நான் என்னக்கா செய்ய? மழை வேற பேஞ்சு பழம் வெடிக்க ஆரம்பிச்சிருச்சு. அண்ணன் இங்கன எட்டியே பாக்கலையே."

கட்டிலில் படுத்திருந்த எனக்கு அது காதில் விழுந்தது. பாய், ஒன்றரை மாதமாக எந்த மாத்திரையும் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. பழைய கைலி, ரெண்டு வாரத் தாடி. அந்தக் கோலத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்கு வந்தேன். மதகுத் திருப்பத்தில் டவுன் பஸ்ஸை முந்தியபோது டிரைவர் என்னைத் திட்டினான், நான் திருப்பித் திட்டினேன். திட்டி எத்தனை நாள் ஆகியிருந்தது!

உன் உயரத்துக்குப் பந்தலுக்குள் குனிந்துதான் நிற்க முடியும். குனிந்தபடி வாய் நிறைய பழத்தை வைத்துக்கொண்டு விதை துப்பிக்கொண்டிருந்தாய்.

"யோவ் பாய், என் துணிய எவன்யா அவுத்தது?"

"நாந்தான் மாப்ள. வெளுத்துப் போய்த் தொங்குச்சு. ஆளு செத்துப்போயிட்டானோன்னு நெனச்சேன்."

"செத்தாச் சொல்லி விட்டிருக்க மாட்டேனா?"

"அரிசி டிரம்முக்குள்ள போனப் போட்டுட்டு எப்படிலே சொல்லி விடுவ?"

அறுப்புக்கு வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உன்னை என்னென்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. உன் மகன் படித்தாலும் படிப்பான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு கொத்தை அறுத்து என் கையில் வைத்தாய். நீ வழக்கமாகச் சொல்வதையே சொன்னாய்: "தின்னு பாத்துட்டுப் பேசு."

கோபத்தில் தின்றேன். குமட்டவில்லை. அதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை. நாக்கு வேறு எதையோ கவனித்துவிட்டது. "இது எந்த வரிசை? மேக்கால் வரிசையா? நெறம் வந்திருக்கு, இனிப்பு எறங்கல. ரெண்டு நாள் நிக்கணும். இதப் போயி அறுக்கச் சொல்லிருக்கியே, நீயெல்லாம் வியாபாரியா?" என்று கத்திவிட்டு, நானே குனிந்து கிழக்கு வரிசைக்குள் நுழைந்தேன். அங்கே வெடித்த பழத்தை எடுக்காமல் நல்ல கொத்தோடு சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்திரியை வாங்கி எப்படி எடுப்பது என்று காட்டினேன். நிமிர்ந்து பார்க்கும்போது பதினொரு மணி. கை முழுக்கக் கறுநீலம். உன் லோடுக்கு, உன் பெட்டிக்கு, மூன்று மணி நேரம் நான் வேலை பார்த்திருக்கிறேன்! நீ ஒரு ஓரமாய்க் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

கிளம்பும்போது நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "நாளைக்கு வராத மாப்ள. உனக்குத்தான் ஒடம்புக்கு ஆகாதே." மறுநாள் ஆறு மணிக்கே நான் வந்துவிட்டேன்.

அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அதற்குப் பிறகும் காரை விட்டு இறங்க முடியாத நாட்கள் இருந்தன. ஆனால் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. அதற்கு முந்தைய நாலைந்து வருசமாக நான் பந்தலுக்குள் போகவே இல்லை. கடை நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்கள் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்துத் தோட்டம் பேசினேன். துணி கட்டக்கூட ஆளைத்தான் அனுப்பினேன். பழத்தை வாயில் போட்டுப் பல நாள் ஆகியிருந்தது. மிச்சம் இருந்ததெல்லாம் போன் மட்டும்தான். யாருடைய கோபமாவது காலையிலிருந்து சாயங்காலம் வரை என் காதுக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தது. அது வியாபாரமா? அதில் அலுத்துப்போகாதவன்தான் ஆச்சரியம்.

தோட்டங்களைப் பாதியாகக் குறைத்தேன். நானே நடந்து, குனிந்து, தின்று பார்க்காத தோட்டத்தில் துணி கட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் போன் என் மனைவி கையில். கோட்டயத்துக்காரனை அவள் சமாளிக்கிற அழகைப் பார்த்தால், இருபது வருசத்துக்கு முன்பே கொடுத்திருக்கலாம். மெல்ல மெல்லக் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்தப் பந்தல் என்று மனசு கேட்க ஆரம்பித்தது. இந்த வயதில் அது திரும்ப வரும் என்று நான் நினைக்கவில்லை.

நன்றி சொல்லலாம் என்று உன்னிடம் வந்தால் நீ அதற்கும் இடம் கொடுக்கவில்லை. "பாய், என்ன எழுப்பத்தான அந்த வேலை செஞ்ச?" என்று கேட்டேன். "கிறுக்கா, அம்புட்டு நல்ல தோட்டத்த எவனாவது விடுவானா?" என்றாய். சரி, அப்படியானால் திருட்டுப் பயல் என்று நான் முடிவுகட்டி ஒரு மாதம் பேசாமல் இருந்தால், உத்தமபாளையம் டீக்கடையில் நாலு பேருக்கு நடுவில், "இவன நாந்தான் எழுப்பி விட்டேன், இல்லனா இன்னும் படுத்திருப்பான்" என்கிறாய். எதையய்யா நம்புவது? அனுமந்தன்பட்டித் தோட்டம் ரெண்டையும் நீ தொடவில்லை. அதைப் பார்த்தால் எனக்காக என்று தோன்றும். ராசாத்தி தோட்டத்தை மூன்று வருசமாய்த் திருப்பித் தரவே இல்லை. அதைப் பார்த்தால் கொழுப்பு என்று தோன்றும். ஒரு நேரான பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இந்தத் தடவையும் துணியைக் கட்டினாய், ஒரு வாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், போய்விட்டாய்.

பழம் பழுத்துவிட்டது. ஒரு வியாபாரியும் உள்ளே வரவில்லை. ராசாத்தி நேற்று என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, செத்த மனுசன் துணிய அவுக்க எல்லாரும் யோசிக்கிறாக. எம் பழம் கொடியிலயே உதிரணுமா?" உன் மகனைக் கேட்டேன். அவன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், "மாமா, உங்க இஷ்டம்" என்றான். உன் வீட்டம்மா வெளி ஆம்பளைகளைப் பார்க்காமல் துக்கம் காக்கும் இத்தாவில் இருப்பதால் நான் பார்க்க முடியாது. என் வீட்டுக்காரி உள்ளே போய்க் கேட்டு வந்தாள். அப்படியே அந்தப் பழைய கதையையும் கேட்டுவரச் சொல்லியிருந்தேன், வெட்கத்தை விட்டு.

உன் வீட்டம்மா சொன்னார்களாம்: "அண்ணனையே அவுக்கச் சொல்லுங்கக்கா. அன்னைக்கு அவுக அண்ணன் துணிய அவுத்துட்டு வந்து ரெண்டு தட்டு சோறு தின்னாக. தின்னு முடிக்கிற வரைக்கும் தனியாச் சிரிச்சுக்கிட்டே இருந்தாக. என்னன்னு கேட்டதுக்குச் சொல்லல."

தோட்டத்துக்காகச் சிரித்தாயா, எனக்காகச் சிரித்தாயா? அவர்களிடமாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

உன் துணி என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக்கும் இருக்கும். பந்தலுக்குள் கை பிசுபிசுத்தால் அதில்தான் துடைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவிழ்த்த இடத்தில் என் சிவப்புத் துணியைக் கட்டினேன், ஒரே முடிச்சு. எனக்குப் பின்னால் எவன் வந்தாலும் சுலபமாய் அவிழ்க்கட்டும். உள்ளே போய் ஒரு கொத்தைத் தின்று பார்த்தேன். மேற்கு வரிசைக்கும் இந்தத் தடவை நன்றாக இனிப்பு இறங்கியிருக்கிறது.

பெண்கள் கத்திரியோடு தயாராய் நின்றார்கள். நான் உடனே கை காட்டவில்லை. ஐந்து நிமிடம் பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் துணியை அவிழ்த்திருக்கிறேன் பாய். நியாயப்படி நீ சண்டைக்கு வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. வெயில் ஏறுவதற்குள் அறுப்பை ஆரம்பித்துவிட்டோம்.