இறால் ஓட்டுத் தூள்

மார்ச் 4, 2014
உலர்த்தும் எந்திரத்திலிருந்து இன்று இறங்கிய தூள், கோதுமை மாவைவிட மென்மை. இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசைக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. உறிஞ்சினால் நுரையீரலின் அடிவரை போய், அங்கேயே தங்கி மெல்ல மெல்லக் கரைய வேண்டும். ரிஃபாத் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "பஞ்சு மாதிரி இருக்கு இனாஸ். ஜெயிச்சுட்ட," என்றான். படிக்கிற காலத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. அவன் சொன்னால் எனக்குப் போதும்.

மார்ச் 19
மதீஹா அம்மா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கணக்கு டீச்சராக இருந்தவர். நுரையீரல் கெட்டு வேலையை விட்டவர். காலையும் மாலையும் மருந்தை ஆவியாக இழுக்க முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.
"மெஷினுக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி ஆயிடுச்சு கண்ணு. உன் தூள் எப்ப வரும்? எனக்கு விவாகரத்து வேணும்."
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஏப்ரல் 27
ரிஃபாத் வெளிநாட்டில், அம்மான் நகரில், ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்துவிட்டானாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் குடித்த டீ கிளாஸ் கழுவாமல் கிடக்கிறது.

மே 30, 2015
கெய்ரோவில் கருத்தரங்கு. மேடையில் ரிஃபாத். திரையில் என் தூள் — நான் எடுத்த படம். "என் வடிவமைப்பு" என்கிறான். எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவரும்.
வெளியே மறித்தேன். "என்ன ரிஃபாத் இது?"
"நீ இன்னும் பத்து வருஷம் நுண்ணோக்கியிலயே கண்ணை வச்சிருப்ப. யாராவது வெளிய கொண்டுபோகணும்ல?"
"என் பேரு?"
"ஆபீஸ்ல பேசிப் பாக்கறேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
என்ன மனுசன்டா நீ? எங்கப்பா செத்தப்ப ஜனாஸாவத் தோள்ல சுமந்தவன்தானே நீ?

ஜூன் 2
எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 21
இங்கே அலெக்சாந்திரியாவின் கடல்காற்று ஈரத்தில் தூள் கட்டிதட்டுகிறது. லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தேன் — உதிரி உதிரியாக நிற்கிறது! அவன் கொண்டுபோனது பழைய கலவை. அம்மானின் வறண்ட காற்றில் அவனுக்கு இது தெரியவே தெரியாது. மனசு குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது.

ஆகஸ்ட் 13, 2017
மதீஹா அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ரிஃபாத்தின் நிறுவனம் இங்கே நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கிறது; அவரும் சேர்ந்திருக்கிறார்.
"உன் தூள்தான்னு நெனச்சுச் சேந்தேன் கண்ணு. தொண்டையிலயே ஒட்டிக்குது, கீழ எறங்கல."
மருந்துக் குப்பியைத் திறந்தேன். கட்டி. அவரை உடனே மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, வராந்தாவில் நின்று ரிஃபாத்தைப் போனில் கூப்பிட்டேன்.
"பேருக்காகவா கூப்பிடுற?"
"உன் தூள் இங்க ஈரத்துல கட்டிதட்டுது. சோதனைய இன்னிக்கே நிறுத்து. லூசின் சேர்த்து, முதல்லேருந்து சோதிச்சுட்டுக் குடு."
அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு கேட்டான்: "எவ்வளவு சேக்கணும்?"
நன்றி இல்லை. மன்னிப்பு இல்லை. எவ்வளவு.
சொன்னேன். வைத்துவிட்டான்.
சொல்லாமல் இருந்திருக்கலாமா? உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார்.

மார்ச் 11, 2019
மதீஹா அம்மா ரவை கேக் செய்து எடுத்துவந்தார். முகத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது. மறுபடி பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறாராம். ஒரு முறைகூட இருமாமல் அத்தனையும் சொன்னார்.
"புதுத் தூள் அற்புதம் கண்ணு. ரிஃபாத் டாக்டர் செஞ்சதாமே. அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும். என்ன பாத்துக்கிட்டே இருக்க? ஆமீன் சொல்லு."
கேக்கை விண்டு வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கி முடித்ததும், "ஆமீன்," என்றேன்.