வரட்டுங்களா

ஆர்.எஸ்.புரம்,
கோயமுத்தூர்.
புதன்கிழமை.

அன்பு மகன் ஜெஃபினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம், வால்பாறையில் உன் அக்கா டீனாவும் சுகம். ஓஸ்லோவின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், காதை மூடும் குல்லாயை மறக்காமல் போட வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே தினமும் ஜெபம் செய்கிறேன். வெள்ளிக்கிழமை ஆபீசில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாயே, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்ன செய்வதென்று முடிவு செய். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனை எடுத்தால் நான்தான் பேசுவேன், உன்னைப் பேச விடமாட்டேன், அது உனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் கிறிஸ்துமஸ் லீவில் நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்த அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தமிழ் எழுத்தாகத் தேடித் தட்டி மெயிலில் அனுப்புகிறேன்.

டீனா போன வாரம் வந்துவிட்டுப் போனாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் லீவே கிடைப்பதில்லையாம், பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி வந்து இறங்கியவள் இரண்டு நாளும் தூங்கியே கழித்தாள். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, முன்பு போல இரைவதும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் குறை. நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், பாட்டு, படம் ஓடறதுக்கு வேண்டியதை மட்டும் போடாம உட்டுப்போட்டனுங்கம்மா, அதுவே கேக்கும், சரின்னு அமுக்கீருங்க என்று சொன்னாய். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். அது கேட்கத்தான் செய்தது. வீடியோவைத் திறந்தால் மேலே இங்கிலீஷில் ஒரு பட்டை வரும், ஏதோ விளம்பரம் என்று நான் பெருக்கல் குறியை அமுக்கி மூடிவிடுவேன். ஒரு நாள்கூட அதை முழுசாகப் படித்ததில்லை.

இந்தத் திங்கட்கிழமை, சபையில் பெண்கள் ஐக்கியத்தார் நாங்கள் பாடியதைப் பென் டிரைவில் வாங்கி வந்து போட்டேன். எல்லோரும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறோம், சத்தமே இல்லை. அப்பா எட்டிப் பார்த்து, இப்பத்தான் உங்க பாட்டு நல்லா இருக்குது அருளு என்றார். யூடியூபில் பிரசங்கம் கேட்கிறதே, ஸ்பீக்கர் சரியாகத்தானே இருக்கிறது என்று யோசித்துத்தான் அந்தப் பட்டையை முதல் தடவையாகப் படித்தேன். சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் கோடெக் என்ற ஒன்று இல்லை, போட்டுவிடட்டுமா என்று பாவம் அது இத்தனை நாளும் பணிவாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சரி என்று அமுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது, முதலில் தப்பாகி அப்புறம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சூட்டோடு கம்ப்யூட்டருக்குள்ளேயே நிரல்கள் இருக்கும் கடையைத் திறந்து வீடியோ பார்க்க வி.எல்.சி. போட்டேன், போட்டோக்களை அடுக்கிவைக்க ஒன்று போட்டேன், வீடியோ எடுக்க ஒரு கேமரா நிரல், அப்பாவுக்குச் சீட்டு விளையாட்டு ஒன்று. சீட்டு விஷயம் சபை ஐயருக்குத் தெரிய வேண்டாம். எல்லாம் முடிந்து எங்கள் பாட்டைப் போட்டால் கணீரென்று கேட்டது. மேல் ஸ்தாயியில் என் குரல் மட்டும் தனியாகப் போகிறது, அது கிடக்கட்டும்.

அப்புறம்தான் போன மாதம் நீ மெயிலில் அனுப்பிய வீடியோ ஞாபகம் வந்தது. பனிக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து நீ பேசுவதை நான் சத்தமில்லாமல்தான் பார்த்திருந்தேன் கண்ணு. காற்று இரைச்சலுக்காக நீயே சத்தத்தை எடுத்துவிட்டாய், முகத்தைக் காட்டத்தான் அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் உன் உதட்டில் ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. வரட்டுங்களா. போனை வைக்கும்போது நீ எப்போதும் சொல்வதுதானே, விடைபெறுகிறாய் என்று இருந்துவிட்டேன். மறுநாள் நீ கூப்பிட்டு, வீடியோ பார்த்தீங்களாம்மா என்று கேட்டாய். பார்த்தேன் கண்ணு, ரொம்ப சந்தோசம், அங்கியே பத்திரமா இரு என்று சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன். சரிங்கம்மா என்றாய். அதற்கடுத்த வாரம்தான் இரண்டு வருடம் நீட்டிக்கிறேன் என்றாய், அதற்கும் சந்தோசம் என்றேன்.

திங்கட்கிழமைதான் முதல் தடவையாகக் கேட்டேன். இங்க என்னால முடியலீங்கம்மா, பேச ஒரு ஆள் இல்ல, ஞாயித்துக்கிழமை ஆனா ரூமுக்குள்ளயே கெடக்கறன், போன்ல சொன்னா நீங்க பேசவே உட மாட்டீங்க, அதனாலதான் இப்படி எடுத்து அனுப்பறன், வேலைய உட்டுப்போட்டு ஊட்டுக்கு வரட்டுங்களா? பிள்ளை வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறான், அங்கேயே இரு என்று பெற்றவள் சொல்லியிருக்கிறேன். அழுதேன். அப்பா வந்து என்னவென்று கேட்டுவிட்டு, தானும் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டார். பையன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று சபையில் மூச்சுக்கு மூச்சு சொல்பவர் ஆயிற்றே, என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம்தான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே, சபைல நான் சொல்லிக்கறன், நீ பையனை வரச்சொல்லு என்றார். போய் எலக்ட்ரீசியனைக் கையோடு கூட்டிவந்து மாடி ரூம் ஃபேனைச் சரிபண்ண வைத்தார்.

உனக்கே பிடித்து அங்கே இருப்பதென்றால் தாராளமாக இரு, அதற்கும் எங்கள் ஆசீர்வாதம் உண்டு. ஆனால் அம்மா இருக்கச் சொன்னாள் என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போடாதே, நீ கேட்டது காதில் விழாமல் அம்மா சொன்னது அது. வேலை இங்கே மெதுவாகத் தேடிக்கொள்ளலாம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்று பொழுதை ஓட்டாதே. இத்துடன் நானும் ஒரு வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன். நாலைந்து தடவை எடுத்தேன், எடுக்க எடுக்க நீளமாகிக்கொண்டே போனது, அப்பா அதட்டிய பிறகுதான் சுருக்கமாக முடித்தேன். திறப்பதற்கு முன் உன் கம்ப்யூட்டரில் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள். வராவிட்டாலும் என் உதட்டைப் பார் கண்ணு, ஒரே எழுத்துதான்.

இப்படிக்கு,
உன் அம்மா
அருள்செல்வி தங்கராஜ்