மேட்டில் நின்று விட்ட பட்டம்

அண்ணனுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். சோளம் அறுத்த நம் காட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நீங்கள் நடத்திய பட்டத் திருவிழா அமோகம். மல்லசமுத்திரமே திரண்டு வந்துவிட்டது. சந்தோஷம்.

ஆனால் தென்னை மூலையில் இருந்த கல் எங்கே? விளக்குமாடம் எங்கே? தை அமாவாசைக்கு நான்தானே எண்ணெய் ஊற்றினேன்! அண்ணியைக் கேட்டால், "சனம் பயந்துக்கும்னு உங்கண்ணன்தான் பேத்து வெச்சாரு அம்மிணி" என்கிறார்கள். காடு முழுக்கச் சமதளம், அந்த ஓரிடம்தான் மேடு. அங்கே நின்றால் பட்டம் நன்றாக ஏறுகிறதென்று ஆளாளுக்குச் செருப்புக் காலோடு ஏறி மிதித்தார்களே, அதையும் பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள்?

என் மகளும் ஏறிவிட்டாள். நான் ஓடி வருவதற்குள் உங்களிடம் கேட்டாள்: "இதென்னங்க மாமா, இங்க மட்டும் மேடா இருக்குது?"

மைக்கைக் கூட அணைக்காமல் சொன்னீர்கள்: "சும்மா மண்ணு கொட்டுனது சாமி. நல்லா ஏறி நில்லு."

காடு முழுக்கக் கேட்டது.

ஆடி அமாவாசைக்கு நான் வந்து படைத்துக்கொள்கிறேன். நீங்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம். கொட்டின மண்ணுக்கு யாராவது இலை போடுவார்களா?

இப்படிக்கு,
அம்மாவின் மகள்