கரண்டி வழியே ஏறிய பிரஷர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், தினமும் சண்டை போடத் தெம்பு இருக்கிறது என்றால் சுகம்தானே. நீயும் அதே தெம்போடு இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. போன வாரம் போனில் பின்தலை வலிக்கிறது என்று போகிறபோக்கில் சொன்னாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் சரிப்பா சரிப்பா என்று பாதியில் வைத்துவிடுவாய், காகிதத்திடம் அந்த வேலை நடக்காது. எழுத்துப் பிழையை எண்ணாதே, நான் படித்த மூன்றாம் வகுப்புக்கு இதுவே அதிகம்.

சேதியைக் கேள், இங்கே ஒரே அமர்க்களம். நான் சமைக்கிற பஸ் டிப்போ கேண்டீனுக்கு ஒரு டாக்டரம்மா நர்ஸோடு வந்து, ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டும் ஒருத்தருக்கு பிரஷர் ஏறுகிறது, இன்னொருத்தருக்கு ஏறுவதில்லை, ஏன் என்று ஆராய்ச்சி பண்ணப்போவதாகச் சொன்னார்கள். சேருகிறவர்களுக்கு ஒரு மாதம் உப்புக் குறைந்த சாப்பாடு, அதையும் நானே தனிப் பானையில் சமைக்க வேண்டும். ரத்தம் எடுத்து, அப்பா அம்மா வழியாக உடம்புக்குள் என்னென்ன வந்திருக்கிறது என்றும் பார்ப்பார்களாம். வீட்டு ஆட்களும் சேரலாம் என்றதால் நானும் உன் அம்மாவும் சேர்ந்தோம். முதல் நாளே எனக்கு நூற்று அறுபது, உன் அம்மாவுக்கு நூற்றுப் பதினெட்டு. தட்டில் எது விழுந்தாலும் அதன்மேல் உப்பைத் தூவிச் சாப்பிடுகிற மகராசிக்கு நூற்றுப் பதினெட்டு! அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்து வந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், கழுத்தில் மெடல் தொங்குகிற மாதிரி.

மாதம் முடிந்தது, எனக்கு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. நர்ஸ் பொண்ணு பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணே நீங்க பொய் சொல்றீங்க, உங்க யூரின் பொய் சொல்லலை, உப்பு அள்ளுது என்றது. உன் அம்மா சும்மா இருப்பாளா, ஏங்க, திருட்டுத்தனமா எந்தக் கடையில மேய்ஞ்சீங்க என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்கு வந்த ரோஷத்தில் உன் மேல் சத்தியமே பண்ணிவிட்டேன். மறுநாள் அந்த நர்ஸ் என் அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நோட்டில் ஏதோ கோடு கோடாகப் போட்டது. மத்தியானம் எண்ணிக் காட்டியது, நாற்பத்து மூன்று கோடு. ஆராய்ச்சியில் சேராத மற்றவர்களுக்காக உப்புப் போட்டுச் சமைக்கிற பானைகளிலிருந்து நான் கரண்டியால் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த தடவைகளாம்! நீயே சொல், சமையல்காரன் ருசி பார்ப்பதை எவனாவது சாப்பாட்டில் சேர்ப்பானா? முப்பது வருஷமாக நான் சேர்த்ததே இல்லை.

அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னொரு மாதம் நீட்டினார்கள், நான் ருசி பார்க்கிற வேலையைப் பாத்திரம் கழுவுகிற அக்காவிடம் விட்டேன், அது மகாராணி மாதிரி நின்றுகொண்டு உப்பு பத்தலை தம்பி என்று என்னையே அதிகாரம் பண்ணுகிறது. பண்ணட்டும். நாலே வாரம், நூற்று முப்பத்தாறு! பஸ் ஹாரனே தோற்றுப்போகிற மாதிரி கத்திவிட்டேன். அம்மாவுக்கு மட்டும் அசையாமல் அதே நூற்றுப் பதினெட்டு, மாசக்கணக்கா வாயைக் கட்டினது தண்டம் என்று புலம்புகிறாள். டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார், சில பேர் உடம்பு வந்த உப்பைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடுமாம், சில பேர் உடம்பு விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், அது பிறக்கும்போதே வருகிற குணம், ஒன்று இல்லை, பல சின்னச் சின்ன குணங்கள் சேர்ந்து வருவது. ஆனால் பிறப்பில் வந்தது மட்டும் இல்லை, அதன்மேல் நாம் தட்டில் போட்டுக்கொள்வதும் சேர்ந்துதான் ஏற்றிவிடுகிறதாம். உன் தாத்தா, என் அப்பா, நாற்பத்தெட்டு வயதில் ஒரு பக்கம் கைகால் விழுந்து படுத்தபோது, கோபக்காரர், அதனால்தான் என்று பேசிக்கொண்டோம். அதுவும் இந்த பிரஷர்தானோ என்னவோ, யாருக்குத் தெரியும்.

இவ்வளவு கூத்துக்கு நடுவில் நான் டாக்டரம்மாவிடம் கேட்டது ஒன்றுதான், என் பொண்ணுக்கும் இருக்குமா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அவங்க கையை நீட்டி பிரஷர் பார்த்தாத்தான் தெரியும் என்றார். தலைவலியை வைத்து இது அதுதான் என்று சொல்ல முடியாதாம், எனக்கே ஒரு வலியும் இல்லாமல்தானே நூற்று அறுபது இருந்தது. அதனால் வலி நின்றுபோச்சுப்பா என்று கதை விடாமல் போய்ப் பார். அதுவரைக்கும் நீ தின்கிற பாக்கெட் நூடுல்ஸோடு வருகிற அந்த உப்புப் பொடியைப் பாதியாவது குப்பையில் போடு, காய் பழம் வாங்கித் தின்னு. உன் மூக்கு, முன்கோபம், குறட்டை எல்லாம் என்னுடையது என்று ஊரெல்லாம் பெருமை பேசினவன் நான். இந்த ஒன்றில் மட்டும் நீ உன் அம்மா பொண்ணாக இருந்துவிடு, நான் சந்தோஷமாகத் தோற்றுப்போகிறேன். இதிலும் என் பொண்ணுதான் என்று வந்தாலும் கலங்காதே, இந்தக் கிழட்டு உடம்பிலேயே இறங்கியது உன் இளம் உடம்பில் இறங்காதா.

நூறு வயது நோய்நொடியில்லாமல் இரு, எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. மேலே ஒரு எண், கீழே ஒரு எண் சொல்வார்கள், இரண்டையும் எழுது, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவளைவிட நான்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா