தாளின் மறுபக்கம்

பாப்பா,

என் பழைய தாள்களை எடுத்துப்போக ஆவணக் காப்பகத்தின் வேன் வாசலில் நிற்கிறது. "என் சம்பந்தப்பட்ட ஒரு துண்டுத் தாள்கூட அங்க போகக் கூடாதும்மா" என்று நீ கறாராகச் சொன்னபடி, உன் கடிதங்களையெல்லாம் எடுத்துவிட்டேன்.

ஒன்றில்தான் மாட்டிக்கொண்டேன். அமைச்சராக நான் பேசிய முதல் பேச்சை, அவசரத்தில், சின்ன வயதில் நீ வரைந்த படத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். இன்றுதான் தாளைத் திருப்பினேன். படத்தில் நீயும் அப்பாவும் சாப்பிடுகிறீர்கள். நான் டிவிக்குள் இருக்கிறேன்.

"படம் வேண்டாம் மேடம், பேச்சு மட்டும் போதும்" என்கிறார் அதிகாரி. தாளை இரண்டாகவா உரிக்க முடியும்?

நம் கார் டிரைவரிடம் அதையே கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதோ திருப்பி அனுப்புவதோ உன் இஷ்டம். அதுவரை வேன் நகராது.

கவரில் போடும்போதுதான் கவனித்தேன். சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வரைந்திருக்கிறாய்.

அம்மா