கேஸ்ட்ரிக் என்று சொல்லிக்கொண்ட குடும்பம்

அண்ணி,

இன்று கிள்ளான் மளிகைக் கடையில் கஸ்தூரி மஞ்சள் மூட்டையைப் பிரித்தார்கள். வாசனை ஏறியதும் உங்கள் நினைப்புதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேரன் ஷா ஆலமில் இன்ஜினியர். என் மகள் மலர் பள்ளித் தலைமையாசிரியை. அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் பெற்ற பிள்ளை! அவளுடைய பெரியவள் ஃபார்மசி படிக்கிறாள், சின்னவள் சிலம்பத்தில் மாநில வெற்றியாளர். உங்கள் மகள் சுமதி செமினியில் சொந்த வீடு வாங்கிவிட்டாள்.

அந்தச் சுமதிக்குத்தான் போன வருஷம் மார்பில் புற்றுநோய் வந்தது.

உங்களுக்கு வந்ததும் அதுதானே? கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டே, கட்டியின் மேல் மஞ்சளை அரைத்துப் பூசினீர்கள். ரவிக்கையில் கறையைப் பார்த்துக் கேட்டால், "சமையல்ல பட்டுச்சு" என்றீர்கள். என்னிடமே! முற்றிய பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய தெரிஞ்சா என் பொண்ண யாரு கட்டுவா?" என்றீர்கள். நீங்கள் போன பின் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் உங்கள் பிறந்த வீட்டார் வயிற்றுப் புண், "கேஸ்ட்ரிக்" என்றார்கள். சொல்லிச் சொல்லி அவர்களே நம்பியும் விட்டார்கள். மானமுள்ள குடும்பமாம். தூ!

சுமதிக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. இது பரம்பரையாக வருவது என்று டாக்டர் சொன்னதும் சொந்தத்தில் எல்லாருக்கும் போன் போட்டாள். உங்கள் அண்ணன் அவளைத் திட்டினார்: "எங்க பொண்ணுங்களுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம்லா. வாய மூடு!"

பரிசோதனைக்குப் போனது என் மலர் மட்டும்தான். நானும் என் வீட்டுக்காரர், உங்கள் தம்பியும் கூடப் போனோம். அங்கிருந்த தாதி, "அங்கிள், உங்க சைட்ல யாருக்காவது கேன்சர் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எங்க சைட் சுத்தம்லா. அக்காகூட கேஸ்ட்ரிக்லதான் போச்சு" என்றார் என் மகாராஜா.

"கேஸ்ட்ரிக் மார்லயா வரும்? புண்ணுக்குத் துணி கட்டினவ நானு. எழுதிக்கம்மா, மார்ல கேன்சர்" என்றேன் நான்.

"அப்படியே இருந்தாலும் அது பொம்பளைங்க சீக்கு. எனக்கென்ன?"

"அப்பா வழியாவும் மகளுக்கு வரும் அங்கிள்" என்றாள் தாதி.

முடிவு வரும்வரை, மலர் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவுக்கு வெளியே நின்று காதை வைத்துக் கேட்பேன். தடவிப் பார்க்கிறாளோ? எதுவும் தட்டுப்பட்டுவிட்டதோ?

போன வாரம் முடிவு வந்தது. மலர்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்: "நோய் இல்லம்மா. ஆனா அந்த ஜீன் எனக்கும் இருக்கு. வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணுவாங்க, வந்தாலும் ஆரம்பத்துலயே புடிச்சிடலாம்." பிறகு கேட்டாள்: "அத்தைக்கு யாரும் வைத்தியம் பாக்கலையாம்மா?"

என்ன சொல்வேன் அண்ணி? நீங்கள் யாரையும் பார்க்க விடவில்லையே! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் இல்லாத ஏக்கமும் ஆறவில்லை.

உங்கள் தம்பி அதற்குள், "ஸ்கேன் எதுக்குன்னு வெளிய கேட்டா ரத்தசோகைன்னு சொல்லிக்கலாம்" என்று ஆரம்பித்தார். "சொல்லித்தான் பாருங்களேன்" என்றேன்.

அன்றே சுமதியைப் போனில் கூப்பிட்டேன். மருந்தில் முடி கொட்டியதிலிருந்து வெளியே போகும்போது மட்டும் அவள் விக், அந்தப் பொய்முடி, வைத்துக்கொள்கிறாள்.

"விக்கக் கழட்டு கண்ணு. முடி மொளைக்குற அந்தத் தலையோடயே புதுசா ஒரு படம் எடு. குடும்பக் குரூப்ல போடு. எல்லாரும் பாக்கட்டும்."