தீர்மானத்துக்கு முன் கையெழுத்து

ஞாயிறு, ஆவணி 8

காலை வகுப்பு மனதை விட்டுப் போகவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகிறவர்களை வைத்து மாதிரி கிராம சபை நடத்தினேன். பேச்சு தொடங்கும் முன்பே தீர்மான நோட்டைச் சுற்றில் விட்டேன். தீர்மானம் எழுத வேண்டிய பக்கத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். எல்லாருடைய கையெழுத்தோடும் நோட்டு திரும்பி வந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்குப் போடுறோம்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை பார்க்கும் செல்வி சிரித்தாள். "எங்கம்மாவும் இப்படித்தான் சார் போட்டுக்கினு இருந்தாங்க. பஞ்சாயத்து கிளார்க்கு சைக்கிள்ல ஊட்டாண்ட வருவாரு, நோட்ட நீட்டுவாரு. மேல இன்னா எழுதப் போறாருன்னு யாரும் கேட்டதில்ல."

ஊரையும் அம்மா பெயரையும் கேட்டேன். பெரியபாளையத்துக்குப் பக்கம், கன்னியம்மா என்றாள். அந்த கிளார்க் நான்தான். அதைச் சொல்லாமல் பாடத்தைத் தொடர்ந்தேன்.

கன்னியம்மா அப்போதுதான் பெயர் எழுதக் கற்றிருந்தார். நாற்று நட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் போடுவார். முடித்ததும், "நல்லாக்கீதா நைனா?" என்பார். அவர் கொடுத்த மோரைக் குடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்பேன். என் வேலைக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் வேறு இல்லை.

கடைசி எழுத்து மட்டும் எப்போதும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அது இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. அதற்கு மேலே நான் என்ன எழுதினேன் என்பதுதான் நினைவில்லை.